அசையும் சொத்து

அசையும் சொத்துப் பட்டியலில்
முப்பத்தொன்றாம் வரி அசையவில்லை.
உலுக்கினேன். காதில் வைத்தேன். ம்ஹூம்.
"சாவி கொடுக்கணும் மேடம்" என்றார் தங்கப்பழம்.
கொடுத்தேன்.
அன்றைக்கு அந்த வீட்டில்
முதலில் பேசியது அதுதான்.

திருமங்கலம். பஞ்சு அரைத்த காலத்து வீடு.
அக்காளும் தம்பியும் எதிரெதிர் நாற்காலி,
நடுவில் கோர்ட்டு அனுப்பிய நான்,
குமாஸ்தா, ஒரு தராசு.
அண்டா ஆறு. குத்துவிளக்கு இரண்டு.
ஒன்பதாம் வரி: வெள்ளிக் கொலுசு, ஒற்றை.
"ஜோடி?"
"கிடையாது. எழுதிக்கிடுங்க."

மற்றதை நிறுத்துப் போட்டுவிடலாம்.
கடிகாரத்துக்கு உத்தரவு தனி:
மாடல் என்ன, வயது என்ன,
தாத்தா வழி வந்ததா, பிற்பாடு சேர்ந்ததா.
இருபத்தொன்றில் பருத்திக் கம்பெனி துரை
தாத்தா கையில் கொடுத்தது
என்கிறது தங்கப்பழத்தின் மனு.
அன்னபுஷ்பத்தின் மனு மறுக்கிறது,
காரணம் சொல்லாமல்.

தெற்கு ஆவணி மூல வீதியில் இரவல் வாங்கிய
நகைக்கடை லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன்.
முகப்பில் ஏதோ சென்னைக் கடையின் பெயர்.
அதை நம்பக் கூடாதென்று
முந்தின இரவுதான் படித்திருந்தேன்.
விற்றவன் பெயர் அது, செய்தவன் பெயரல்ல.
சம்மன் கொண்டுவருகிறவர் நீதிபதி இல்லையே.

பின்மூடியை நகத்தால் நெம்பினால்
கடுகளவில் ஒரு பறவை, கௌதாரி மாதிரி.
சுவிஸ் வெள்ளியில் அடித்த முத்திரை,
முப்பத்துநாலோடு நிறுத்திவிட்டார்கள்.
பறவை தாத்தா பக்கம் சாட்சி சொன்னது.
தங்கப்பழம் என் முகத்தைப் படித்து
எல்லாருக்கும் காபி சொன்னார்.

பக்கத்தில் ஊசிக் கீறல்கள்,
பழுது பார்க்கத் திறந்தவர்கள் வைத்துப்போன அடையாளம்:
26இல் ஒருவர். 39இல் ஒருவர்.
அப்புறம் தமிழில், கோணலாக,
மு.கா., டவுன்ஹால் ரோடு, 5-68.

இரண்டாம் மூடிக்குள் இயந்திரம்.
பதினேழு கல். ஏழு இலக்க எண்.
அட்டவணையில் விரலை ஓட்டினேன்,
நாற்பத்தேழில் நின்றது.
மறுபடி ஓட்டினேன். அங்கேயே நின்றது.
கூட்டுக்கு இயந்திரம் சிறிசு.
இடைவெளியில் பித்தளைத் தகட்டை வளைத்துச் செருகியிருந்தார்
அந்த மு.கா.,
அண்ணன் செருப்புக்குள் தம்பி துணி திணிப்பதைப் போல.
"கூடு விட்டுக் கூடு பாஞ்சிருக்கு மேடம்"
என்றார் குமாஸ்தா.

தங்கப்பழம் எழுந்துவிட்டார்.
எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு அதைத்தான் கொண்டுபோனாராம்.
அப்பா மூச்சு நின்ற நேரம் அதில் பார்த்ததாம்.
"அது தாத்தா சத்தம் மேடம்.
எனக்குத் தெரியாதா?"

அன்னபுஷ்பம் அப்போதுதான் வாய் திறந்தார்.
தம்பியிடம் அல்ல, என்னிடம்.
"கல்லு கெணத்துல விழ எத்தன செகண்டு ஆவும்னு
பாக்கத் தோணிச்சு. பன்னெண்டு வயசு.
கல்லு கையிலயே இருந்துச்சு."

மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.

"பாதாளக் கரண்டி போட்டு நாலாம் நாள்தான் அம்பிட்டுச்சு.
மருதைக்கு பஸ் ஏறிப் போனேன்.
உள்ள எல்லாம் போச்சு பாப்பா,
வேற வச்சுத் தாரேன்னான்."

"காசு?" இது தம்பி.

"அடி வாங்குனதுதான் ஞாபகம் இருக்கு."

என் பேனா ஒன்பதாம் வரிவரை போய்த்
திரும்பி வந்தது.

சத்தியம் வாங்காத பேச்சு அறிக்கையில் ஏறாது.
நான் எழுதியது இவ்வளவே:
கூடு, 1934க்கு முந்தியது.
இயந்திரம், 1947.
மாடல், ஒன்றென்று சொல்ல இயலாது.
நிலை, ஓடுகிறது.

கையெழுத்து வாங்கிக்கொண்டு
வாசலில் செருப்பைத் தேடும்போது
உள்ளிருந்து தங்கப்பழத்தின் குரல்:

"சரி, எத்தன செகண்டு ஆச்சு?"

"யாரு எண்ணுனா."